பொன்னாடையும் பஸ் கட்டணமும்

கல்வியின் உயர்வைப் பற்றி மேடையேறிப் பேசுவதில் நம்மவர் எவருக்கும் பின்வாங்கியவரல்லர். திருமண வீட்டிலும் பேசுவோம். கோயில் திருவிழாவிலும் பேசுவோம். சங்கத்தின் ஆண்டு விழாவிலோ சொல்லவும் வேண்டுமோ! நாமும் பல ஆண்டுகளாக அவ்வாறு பேசிக் கைதட்டல் பெற்று வந்திருக்கிறோம். ஆனால், நமது பேச்சும் அதற்குக் கிடைத்த கைதட்டலும் சேர்ந்து ஒரு பிள்ளையின் வாயை அடைத்துவிட்டன என்பதை ஒரு நாள் அறிய நேர்ந்தது. அதனை வாசகர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நமது ஊர் பேராக் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு சிறு பட்டணம். சுற்றிலும் இருந்த ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடங்கொடுத்துவிட்டன. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல, இன்று மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றன. அத்தகைய குடும்பமொன்றைச் சேர்ந்த வாலிபன் ஒருவன் நமது சங்கத்தின் காரியங்களுக்கெல்லாம் அழையாமலே வந்து நிற்பான். நாற்காலி அடுக்குவான், ஒலிபெருக்கியைத் தூக்கி வருவான், விழா முடிந்தபின் கூட்டிப் பெருக்கிவிட்டுக் கடைசியாக வீடு செல்வான். தந்தை இல்லை. தாயார் ஒப்பந்தக்காரரின்கீழ்த் துப்புரவு வேலை செய்கிறார். தமையன் தொழிற்சாலையில் முறை வேலை பார்க்கிறான்.

எஸ்.பி.எம். தேர்வில் அவனுக்குக் கிடைத்த பெறுபேறு மேடையில் வாசிக்கத் தக்கதன்று. ஆயினும், அறுந்த மின்கம்பியைக் கண்டால் அதனை விட்டு நகர மாட்டான் என்பதை நாம் அறிவோம். ஆதலால், அடுத்த பட்டணத்திலுள்ள சமூகக் கல்லூரியில் மின்கம்பி இணைப்புத் தொழில் படிக்கலாமென்று யோசனை கூறி, விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, பதிவு நாளன்று அவனுடனும் அவன் தாயாருடனும் நாமே சென்றோம்.

சமூகக் கல்லூரி என்பது இன்னதென்று நம்மவரிற் பலர் இன்னும் நன்கறியாராதலின், அதைப் பற்றிச் சிறிது கூறுவது தகும். மலேசியாவில் நாடாளுமன்றத் தொகுதிதோறும் இத்தகைய கல்லூரி ஒன்றை அமைப்பதென்று 2000ஆம் ஆண்டில் அமைச்சரவை இசைவளித்தது. மறு ஆண்டிலேயே முதல் கல்லூரிகள் திறக்கப்பட்டன. இன்று நூற்றுக்கும் மேற்பட்டவை நாடெங்கும் இருக்கின்றன. எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளுக்குப் பெருமதிப்பெண் கேளாமல் இடம் கொடுத்து, மின்சாரம், மோட்டார் வாகனப் பழுது, சமையல், ரொட்டி கேக் செய்தல், தையல், கணக்கு முதலிய தொழில்களைக் கற்பித்துச் சான்றிதழ் அளிக்கின்றன. சான்றிதழ் பெற்றவர் தகுதியிருப்பின் பாலிடெக்னிக்கில் சேர்ந்து மேலே படிக்கவும் வழியுண்டு. கட்டணமும் சொற்பம். வயதில் மூத்தவர்களுக்கும் சில நாட் பயிற்சி வகுப்புகள் நடைபெறுகின்றன. ஆகவே இது கதவைச் சாத்தாத கல்லூரி எனலாம்.

பதிவு நாளன்று நாம் கண்ட காட்சி மனத்திற்கு மகிழ்ச்சியளித்தது. மண்டபத்தில் மலாய்த் தந்தையர் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தனர். பழங்குடியினர் கிராமத்திலிருந்து வந்த பெண்ணொருத்தி தன் பாட்டியின் கையை விடாமல் பிடித்திருந்தாள். நம் பிள்ளைகள் எட்டுப் பத்துப் பேர் ஒரு மூலையிற் சேர்ந்து நின்றனர். பட்டறைச் சுவரில் பலகைகளை அறைந்து, அவற்றின்மீது மின்கம்பிகளைச் சிவப்பும் கறுப்பும் பச்சையுமாக ஓட்டியிருந்தார்கள். நம் வாலிபன் அவற்றின் முன் நின்றவன், தாயார் இருமுறை அழைத்தும் திரும்பிப் பார்த்தானில்லை. மாடியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் மாவு படிந்த கையுடன் கேக் செய்யக் கற்றுக்கொண்டிருந்தார். கற்பதற்கு வயதில்லை என்று நாம் மேடையிற் சொல்லி வந்ததை அங்கே கண்ணாற் கண்டோம். நமது கடமை முடிந்ததென்ற திருப்தியோடு வீடு திரும்பினோம்.

சில வாரங்களுக்குப்பின் சங்கத்தின் பரிசளிப்பு விழா நடந்தது. வழக்கம்போல், பாடந்தோறும் 'ஏ' பெற்ற மாணவ மாணவிகளுக்குப் பொன்னாடையும் மாலையும் கேடயமும் வழங்கப்பட்டன. நாம் பேசுகையில், நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த வாலிபனை மேடைக்கு அழைத்து, மதிப்பெண் குறைந்தும் மனந்தளராமல் தொழிற்கல்வி கற்கச் சென்ற இவனே மற்றவர்க்கு வழிகாட்டி என்று புகழ்ந்துரைத்தோம். சபையார் கைதட்டினர். அவன் தலைகுனிந்து நின்றான். அதை நாம் அடக்கமென்று கருதினோம்.

நிற்க. அவ்விழா முடிந்து ஏறத்தாழ ஒரு மாதங் கழித்து, வார நாளொன்றின் முற்பகலில், வாகனங் கழுவும் கடையொன்றில் அவனைக் கண்டோம். கல்லூரியில் இருக்க வேண்டிய நேரத்தில், முழங்காலளவு சோப்பு நுரையில் நின்றுகொண்டிருந்தான். நாம் காரணங் கேட்பதற்கு முன்பே கடிந்துகொண்டோம். உனக்காக நாங்கள் பட்ட பாடு வீணாயிற்றே என்றோம். நம் இனத்துப் பிள்ளைகள் உருப்படாமைக்கு இதுவே காரணம் என்றுகூடச் சொல்லிவிட்டோம். அவன் நீர்க்குழாயை மூடிவைத்துவிட்டு நின்று கேட்டான். நாம் ஓய்ந்தபின் மெல்லச் சொன்னான்:

"மோட்டார் சைக்கிள் எஞ்சின் போய்விட்டது ஐயா. செய்ய நானூற்றைம்பது வெள்ளி கேட்கிறார்கள். பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். முடியவில்லை."

விவரம் இதுதான். கல்லூரி அவன் வீட்டிலிருந்து 28 கிலோமீட்டர். அவனும் தமையனும் ஒரே பழைய மோட்டார் சைக்கிளை மாற்றி மாற்றி ஓட்டி வந்தனர். அது பழுதானபின் அவன் இரண்டு பஸ் மாறிச் செல்லத் தொடங்கினான். போகவர நாளொன்றுக்கு ஏழு வெள்ளி. மாலைப் பட்டறை வகுப்பு முடிவதற்குள் கடைசி பஸ் புறப்பட்டுவிடும். அந்நாட்களில் யாரேனும் ஏற்றிக்கொள்வார்களா என்று சாலையோரம் நிற்பான். பஸ்ஸுக்குக் காசு கொடுத்தால் மதியச் சாப்பாட்டுக்கு இல்லை. சாப்பிட்டால் மறுநாள் பஸ்ஸுக்கு இல்லை. முதலில் வாரத்தில் ஒரு நாள் நின்றான். பிறகு இரண்டு நாள். பிறகு ஒரேயடியாக நின்றுவிட்டான். வகுப்பு வருகை நூற்றுக்கு எண்பதுக்குக் குறைந்தால் இறுதித் தேர்வு எழுத முடியாதென்பது கல்லூரி விதி. அவ்விதியைச் சுட்டி வந்த எச்சரிக்கைக் கடிதத்தைத் தாயாருக்குக் காட்டாமல் மெத்தையின்கீழ் வைத்திருந்தான்.

"எம்மிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாகாதா?" என்றோம்.

"அத்தனை பேர் முன்னால் என்னை மெச்சிப் பேசினீர்களே ஐயா. அதற்குப் பிறகு பஸ்ஸுக்குக் காசு இல்லையென்று எப்படிக் கேட்பேன்?"

விழா நடந்த நாளிலேயே அவன் பஸ் கட்டணத்திற்குத் திண்டாடிக்கொண்டிருந்தான் என்பது அப்பொழுதுதான் நமக்கு விளங்கியது. தலைகுனிந்து நின்றது அடக்கமன்று. மேடையில் நின்றவனுக்கு இறங்கிவந்து கையேந்த வழியில்லாமற் செய்தவர் நாமே. அவனிடம் நாம் ஒருமுறையேனும், "எப்படிப் போய்வருகிறாய்? மதியம் சாப்பிடுகிறாயா?" என்று கேட்டோமில்லை.

மறுநாள் அவனை அழைத்துக்கொண்டு கல்லூரிக்குச் சென்றோம். மாணவர் நலப் பிரிவின் அலுவலர் மரியாதையாகவே பேசினார். வறிய மாணவர்க்கு அவசர உதவிப் பணம் சிறிது உண்டென்றும், அதற்கான படிவம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறதென்றும், கேட்டு வந்தவர் மிகச் சிலரே என்றும் கூறினார். பலகையைச் சென்று பார்த்தோம். படிவம் இருந்தது. அதன்மேல் விளையாட்டுப் போட்டி அறிவிப்பு ஒன்று பாதி மறைத்து ஒட்டப்பட்டிருந்தது. குடும்ப வருமானச் சான்று, பொறுப்பாளர் கையொப்பம், வங்கிக் கணக்கு நகல், காரணங் கூறும் கடிதம் ஆகியவற்றை அது கேட்டது. பதினெட்டு வயதுப் பிள்ளை தன் வறுமையைத் தானே எழுதி நான்கு பேரிடம் கையொப்பம் வாங்கிவர வேண்டும். அலுவலர்மேல் நாம் குறை சொல்ல வரவில்லை. உதவி இருந்தது. ஆனால், அஃது இருக்குமிடத்திற்குப் பிள்ளை நடந்து செல்ல வேண்டியிருந்தது. அந்தத் தூரம் 28 கிலோமீட்டரினும் நீண்டதாக இருந்தது.

அங்கேதான் மற்றொருவரையும் கண்டோம். அவன் வகுப்பு விரிவுரையாளர், மலாய்ப் பெண்மணி. அவன் இடம் காலியாயிருப்பதை முதல் வாரத்திலேயே கவனித்து, மூன்று முறை தொலைபேசியில் அழைத்திருக்கிறார். கைப்பேசியில் பணம் போட இயலாமையால் அவன் எண் அறுபட்டிருந்தது. அவர் அறையிலுள்ள அலமாரி ஒன்றில் ரொட்டியும் மைலோவும் பிஸ்கட்டும் எப்பொழுதும் இருக்கும். யார் எடுத்தார், ஏன் எடுத்தார் என்று அவர் கேட்பதில்லை, எழுதி வைப்பதுமில்லை. பசித்தவனுக்கு மின்சுற்று விளங்காதென்பது அவர் அநுபவத்திற் கண்டது. தம் சம்பளத்திலிருந்து இதனைச் செய்து வருகிறார் என்று மற்ற மாணவர் வாயிலாக அறிந்தோம். நம் பிள்ளையை நம் இனத்தார் மேடையில் ஏற்றினோம். அவன் பசியை அறிந்தவரோ வேறு இனத்தவர், வேறு மதத்தவர். இதைக் கண்டு நாம் வெட்கினோம் என்பதைவிட, பாடங் கற்றோம் என்பதே பொருந்தும்.

அந்தத் தவணை அவனுக்கு வீணாயிற்று. எனினும், அவ்விரிவுரையாளரின் முயற்சியால் அவன் பெயர் நீக்கப்படாமல், படிப்பை ஒத்திவைத்து அடுத்த தவணையில் மீண்டும் சேர இசைவு கிடைத்தது. அதே பாதையில் காரோட்டி வேலைக்குச் செல்லும் இருவரிடம் பேசி, அவர்களுடன் போய்வர ஏற்பாடு செய்தோம். இப்பொழுது அவன் மூன்றாவது தவணையில் இருக்கிறான்.

ஆனால் கதை இவ்வளவில் இனிதே முடியவில்லை. அதே அடுக்குமாடியில் வாழும் பெண்ணொருத்தி, அதே கல்லூரியில் கேக், ரொட்டி செய்யும் வகுப்பில் முன்பே சேர்ந்து நன்றாகப் படித்து வந்தாள். கடைசித் தவணையில் வெளியே தொழிற்பயிற்சிக்குச் செல்ல வேண்டும். அவளுக்கு இடங் கிடைத்தது கோலாலம்பூரில். தங்குவதற்கு அறை வேண்டும், முன்பணம் வேண்டும். முன்பின் தெரியாத நகரத்திற்கு மகளைத் தனியே அனுப்பத் தந்தை மறுத்துவிட்டார். அருகில் வேறிடம் தேடித்தர எவருமில்லை. இவ்விஷயம் நமது செவிக்கு எட்டி, நாம் அவள் வீட்டுக்குச் சென்றபொழுது, அவள் பேரங்காடியொன்றில் பணம் வாங்கும் வேலையில் சேர்ந்து ஐந்து மாதமாகிவிட்டது. சான்றிதழுக்கு ஒரே ஒரு தவணைதான் குறை. மீண்டும் போகலாமே என்றோம். தம்பி படிக்க வேண்டுமே என்று சொல்லி உள்ளே சென்றுவிட்டாள். தந்தையைப் பழிப்பது எளிது. ஆனால், பெண்கள் நம்பித் தங்குவதற்கு ஓர் அறையை, நம்மவரில் ஒரு நல்ல குடும்பத்தை, நாம் காட்டியிருந்தால் அத்தந்தை என்ன சொல்லியிருப்பார்? அதைக் கேட்டறியும் வாய்ப்பையே நாம் இழந்துவிட்டோம். பெண் கல்வியைப் பற்றி நாம் ஆற்றிய சொற்பொழிவுகள் அந்த ஐந்து மாதத் தாமதத்தை ஈடு செய்யமாட்டா.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்குப்பின் இத்தகைய கல்லூரிகள் பிற தேசங்களில் எவ்வாறு நடைபெறுகின்றன என்று தேடிப் படித்தோம். இவ்வகைக் கல்லூரிக்குத் தாயகம் அமெரிக்கா. அங்கே இல்லினாய் மாநிலத்து ஜோலியட் என்னும் ஊரில் 1901இல் ஆறே மாணவருடன் தொடங்கிய கல்லூரிதான் இன்றுள்ள அரசாங்கச் சமூகக் கல்லூரிகளுள் மிகப் பழையது. ஜனாதிபதி ட்ரூமன் அமைத்த குழு, சாதாரண மக்களின் வீட்டருகே இத்தகைய கல்லூரிகளைப் பெருக்க வேண்டுமென்று 1947இல் கூறிய பின்னர், அவை நாடு முழுதும் பரவின. ஆனால் கதவைத் திறந்துவிட்டதனால் மட்டும் உள்ளே வந்தவரெல்லாம் படித்து முடித்தாரில்லை. பாதியில் விட்டவரே பலர்.

அந்நிலையில், நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் சமூகக் கல்லூரிகளில் 2007இல் ஒரு புதிய திட்டத்தைத் தொடங்கியது. அதிற் சேர்ந்த மாணவர் முழுநேரம் படிக்க வேண்டும். தமக்கென நியமிக்கப்பட்ட ஆலோசகரை அடிக்கடி சந்திக்க வேண்டும். பதிலுக்கு, உதவிப் பணம் போக எஞ்சிய கட்டணத்தைக் கல்லூரி ஏற்கும்; பாடப் புத்தகத்திற்கு உதவும்; மாதந்தோறும் போக்குவரத்துச் சீட்டும் கொடுக்கும். இதன் பயனை ஓர் ஆராய்ச்சி நிறுவனம் சோதித்தது. வறிய குடும்பத்து மாணவரைத் திருவுளச் சீட்டுப் போட்டதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இவ்வுதவியை அளித்து, மறு பிரிவுக்கு வழக்கமான உதவியை மட்டும் அளித்தது. 2015இல் முடிவு வெளியாயிற்று. மூன்றாண்டுகளில் பட்டயம் பெற்றவர், வழக்கமான பிரிவில் நூற்றுக்கு 22. இவ்வுதவி பெற்ற பிரிவில் 40. பின்னர் ஒஹாயோ மாநிலத்தில் மூன்று கல்லூரிகள் இத்திட்டத்தைப் பின்பற்றியபொழுதும் ஏறக்குறைய இரு மடங்கு மாணவர் தேறினர்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? இரு பிரிவினருக்கும் ஒரே மூளைதான், ஒரே வறுமைதான். வேறுபாடு, பெயர் சொல்லி விசாரிக்கும் ஓர் ஆலோசகரும், கையில் ஒரு பஸ் சீட்டும் முதலியவை. நம் பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் வார்த்தையை இக்கணக்கு பொய்யாக்குகிறது.

இவ்வாறு உதவி செய்வதற்கு நம்மிடம் பொருளில்லை என்று எவரும் கூறலாகாது. 1935இல் 'தமிழ் முரசை' நிறுவிய கோ. சாரங்கபாணியார், 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடந்தேட 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டியபோது, கூலி வேலை செய்தோரும் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். அப்பல்கலைக்கழகத்தின் வாசலைத் தாம் மிதிக்கப் போவதில்லை என்பதை அறிந்தே கொடுத்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தபோது, தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தே தோட்டங்களை வாங்கினர். சிறு காசைச் சேர்த்துப் பெருங்காரியம் செய்யும் வித்தையை நமக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

நமது சங்கத்தின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அந்தப் பரிசளிப்பு விழாவுக்குப் பொன்னாடை, மாலை, கேடயம், மண்டபம், விருந்து எல்லாமாகச் சேர்ந்து ஆன செலவு 4,200 வெள்ளி. கணக்கில் கையொப்பமிட்டவர் நாமே. நாளொன்றுக்கு ஏழு வெள்ளி, மாதத்திற்கு இருபது நாள், தவணைக்கு நான்கு மாதம் எனக் கொண்டால், ஒரு மாணவனின் பஸ் கட்டணம் 560 வெள்ளி. அவ்விழாச் செலவில் ஏழு பிள்ளைகள் ஒரு தவணை முழுதும் கல்லூரிக்குச் சென்று வந்திருக்கலாம். 'ஏ' பெற்ற பிள்ளைகளைப் பாராட்ட வேண்டாமென்று நாம் கூறவில்லை. அவர்களுக்கு உபகாரச் சம்பளம் உண்டு. அழைக்கும் கல்லூரிகள் உண்டு. நடுத்தரமாகப் படித்தவனுக்கும், தட்டுத்தடுமாறித் தேறியவளுக்கும் யார் உண்டு?

ஆகவே, இவ்வாண்டு நமது சங்கத்தில் சில மாற்றங்களை முன்மொழிந்தோம். விவாதம் பலமாகவே நடந்தது. பொன்னாடை இல்லாத விழா விழாவா என்று சிலர் கேட்டனர். முடிவில் மாலையும் பொன்னாடையும் நிறுத்தப்பட்டன; கேடயத்திற்குப் பதில் புத்தகம் தருவதென்றாயிற்று. மிச்சப்பட்ட பணம் பிரயாண நிதியாயிற்று. அதற்குப் படிவமில்லை. சங்கத்தின் அங்கத்தினர் ஒவ்வொருவரும் கல்லூரியில் பயிலும் ஒரு பிள்ளையைப் பொறுப்பேற்று, இரண்டு வாரத்திற்கொருமுறை விசாரிக்க வேண்டும். பிள்ளை கேட்பதற்கு முன் நாம் கேட்க வேண்டும். கொடுத்ததை மேடையில் சொல்லக் கூடாது. புகைப்படம் எடுக்கக் கூடாது. வெளியூரில் தொழிற்பயிற்சி பெறும் பெண்களைத் தங்க வைத்துக்கொள்ள இசைந்த குடும்பங்களின் பட்டியலும் தயாராகி வருகிறது. இதுவரை நான்கு குடும்பங்கள் பெயர் கொடுத்திருக்கின்றன.

இவ்வாண்டு விழாவிலும் அவ்வாலிபன் வந்து நாற்காலி அடுக்கினான். மண்டபத்தில் நெடுநாளாக எரியாதிருந்த விளக்கு இரண்டையும் சரிசெய்து கொடுத்தான். அவனை மேடைக்கு அழைக்கலாமென்று நண்பர் ஒருவர் கூறினார். நாம் வேண்டாமென்று சொல்லிவிட்டோம். விழா முடிந்தபின் அவனருகிற் சென்று, நாளைக் காலை எப்படிப் போகிறாய் என்று மட்டும் கேட்டோம். காரில் இடமிருக்கிறது ஐயா, சாப்பாடும் கட்டிக்கொண்டு போகிறேன் என்றான்.

ஊர்தோறும் அடுத்த விழாவுக்கு வரவுசெலவு எழுத உட்காரும் காரியதரிசிகள், பொன்னாடை என்று எழுதுமுன், தம் ஊர்ப் பிள்ளைகளில் யார் யார் எந்தப் பஸ்ஸில் ஏறிக் கல்லூரிக்குப் போகிறார்கள் என்பதை ஒருமுறை விசாரித்தறிவார்களாக.